குருசு: மணப்பாட்டுக் குன்றிலிருந்து ஒரு சொல்

செப்டம்பர் பிறந்தால் மணப்பாட்டில் கொடியேறிவிடும். திருச்செந்தூரிலிருந்து தெற்கே, குலசேகரன்பட்டினத்தைத் தாண்டிக் கடலோரமாகவே போனால், கருமேனியாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மணற்குன்று கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். செப்டம்பர் 14 அன்று பெரிய திருநாள். நெல்லை, குமரிப் பக்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் சனம் வந்து குவியும். திருநாள் நோட்டீஸில் ‘திருச்சிலுவை மகிமைப் பெருவிழா’ என்று அச்சடித்திருப்பார்கள். ஆனால் இந்தக் கடற்கரையின் பேச்சில் இன்னொரு சொல்லும் காலங்காலமாக இருந்துவருகிறது: குருசு.

தெருமுனையில் சின்ன மேடை கட்டிச் சிலுவை நட்ட இடம் குருசடி. சவ ஊர்வலத்துக்கு முன்னால் ஒருவர் குருசு பிடித்துப் போவார். நெற்றியில் அடையாளம் வரையும் பிள்ளையிடம் குருசு போடச் சொல்வாள் கிழவி. அதே கிழவி கோயிலுக்குள் முழந்தாளிட்டு வாய்விட்டுச் செபிக்கும்போது ‘சிலுவை’ என்பாள். ஒரே பொருளுக்கு இரண்டு சொல். ஒன்று தெருவிலும் மணலிலும் கிடக்கிறது; மற்றது செபப் புத்தகத்திலும் மேடையிலும் இருக்கிறது.

இதைக் கண்டு பலரும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். சிலுவை நல்ல தமிழ், குருசு பறங்கிக் கொச்சை, படிக்காதவர் பேச்சு என்பதே அந்த முடிவு. படித்த பரதவப் பிள்ளைகளே தம் பாட்டியின் வாயைத் திருத்துவதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் திருத்தம் தவறு என்று சொல்லவே இந்தக் கட்டுரை. இரண்டு சொல்லும் கடல் கடந்து வந்தவை. ஒன்று முந்தி வந்தது, மற்றது பிந்தி வந்தது. ஒன்று கிழக்குச் சிரியத் திருச்சபையின் வழியாக, மற்றது லிஸ்பன் கப்பலில். தமிழ் இரண்டையும் ஒரே விதமாகத்தான் வாங்கித் தனதாக்கிக்கொண்டது.

முதலில் குருசு. லத்தீனில் க்ருக்ஸ், அதன் பிள்ளையாகிய போர்ச்சுகீசில் க்ரூஸ். தமிழில் சொல்லுக்கு முதலில் மெய் இரட்டையாக நிற்காது. ஆகவே ககரத்துக்கும் ரகரத்துக்கும் இடையில் ஓர் உகரம் புகுந்தது. கடைசியில் நின்ற ஒலி சகரமாகி, குற்றியலுகரத்தை ஏற்றது. குருசு. அரசு, பரிசு, முரசு என்ற வரிசையில் கொண்டுபோய் வைத்தால் அந்நியமாகத் தெரியாது. போர்ச்சுகீசிலிருந்து வந்த மற்றச் சொற்களும் இப்படியே தமிழின் அச்சில் வார்க்கப்பட்டன. சாவே சாவியானது, மேசா மேசையானது, பேனா பேனாவாகவே நின்றது. லெய்லாவ்ங் என்று மூக்கால் ஒலித்த சொல்லின் தலையிலிருந்த லகரத்தைத் தமிழ் உதறிவிட்டு ஏலம் என்று வைத்துக்கொண்டது. ஏலம் போடுகிறவர் யாரும் தாம் போர்ச்சுகீசு பேசுவதாக நினைப்பதில்லை. சாவியைக் கொச்சை என்று யாரும் ஒதுக்குவதுமில்லை. குருசுக்கு மட்டும் ஏன் அந்தப் பழி?

குருசு இந்தக் கரையில் இறங்கியதைப் பற்றி மணப்பாட்டில் வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். 1540இல் ஒரு போர்ச்சுகீசு வணிகக் கப்பல் புயலில் சிக்கியது. பாய்மரம் முறிந்தது. உயிர் தப்பினால் இந்த மரத்தில் ஒரு சிலுவை செய்து, கரை சேரும் இடத்தில் நடுகிறேன் என்று கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டான். முறிந்த மரம் மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கியது. அசுத்தத்தை மிதித்துவிட்ட ஒருவன் அது இன்னதென்று தெரியாமல் காலை அதில் துடைத்தான், கால் வீங்கிப்போனது. கனவில் கட்டளை வந்தது. மரத்தைக் கழுவி, எண்ணெய் பூசி, குன்றின்மேல் நட்டார்கள், வீக்கம் வடிந்தது. அந்த இடத்தில்தான் 1581இல் கோயில் எழுந்தது என்பது ஊர் மரபு.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணெய். முறிந்த மரம் ஒதுங்கினால் அதைக் கழுவி எண்ணெய் பூசுவது கடற்கரையின் கைப்பழக்கம். மரக்கலத்துக்கு எண்ணெய் பூசுவார்கள். நட்ட கல்லுக்கும் நம்மூரில் எண்ணெய் பூசுவார்கள். வந்த சிலுவையை இந்த மக்கள் தங்களுக்குத் தெரிந்த மரியாதையோடு ஏற்றுக்கொண்டார்கள் என்பது கதைக்குள் பதிந்து கிடக்கிறது. மொழியும் அதையேதான் செய்தது.

ஆனால் ‘குருசு’ என்ற ஒலி இந்தக் கரைக்கு வந்தது அந்த மரத்துக்கும் முந்தி. அது ஒரு மனிதனின் பெயராக வந்தது. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் சார்பில் 1513இல் லிஸ்பன் போன இளைஞன் ஒருவன் அங்கே திருமுழுக்குப் பெற்று ஜுவாம் த குரூஸ் என்ற பெயரோடு திரும்பினான். ‘சிலுவையின் யோவான்’ என்பது அதன் பொருள். பின்னாளில் அவர் குதிரை வாணிபத்துக்காகக் குமரிமுனைப் பக்கம் வந்துபோனார். 1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவருக்கும் முத்துக் குத்தகையைக் கையில் வைத்திருந்த முஸ்லிம் வணிகருக்கும் பகை முற்றியது. அப்போது, கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேளுங்கள் என்று யோசனை சொன்னவர் இந்த ஜுவாம் த குரூஸ்தான். பரதவரின் ஊர்த்தலைவர்களாகிய பட்டங்கட்டிகளின் தூது கொச்சிக்குப் போனது. தொடர்ந்து ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆக, இந்தக் கடற்கரை குருசைக் கும்பிடுவதற்கு முன்பே குருசு என்ற பெயருள்ள ஒருவரின் பேச்சைக் கேட்டிருக்கிறது.

அந்தப் பெயர் இந்தக் கரையை விட்டுப் போகவே இல்லை. 1554இல் லிஸ்பனில் ஒரு சின்னச் செப நூல் அச்சானது. தமிழை ரோமன் எழுத்தில் அடித்திருந்த நூல் அது. தமிழ் அச்சேறிய முதல் புத்தகம் என்ற பெருமை அதற்கு உண்டு. அதைத் தமிழாக்கித் தந்த தமிழர் மூவர். அவர்களில் ஒருவர் பெயர் தோமே த குரூஸ். பரதவரின் சாதித்தலைவர் குடும்பத்திலும் த குரூஸ் வழிவழியாக வந்தது. 1806இல் தூத்துக்குடி பனிமய மாதாவுக்குத் தங்கத் தேர் செய்து, மக்களால் தேர்மாறன் என்று அழைக்கப்பட்ட தலைவரின் முழுப்பெயர் தொம் கபிரியேல் த குரூஸ் கோமஸ். வல்லநாட்டிலிருந்து தாமிரவருணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்து. உவரியில் பிறந்து ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ நாவல்களை எழுதியவர் ஜோ டி குரூஸ். ஐந்நூறு ஆண்டாக ஒரு சொல் மனிதர்களின் பெயராகப் புழங்கிய பிறகும் அதை வேற்றாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் 1542இன் பிற்பகுதியில் இந்தக் கரைக்கு வந்தார். மணப்பாட்டுக் குன்றின் கடல் பக்கத்தில் அவர் தங்கியிருந்த குகை இன்றும் இருக்கிறது. அவருக்கு முன் ஒரு சைவத் துறவி அதில் இருந்ததாகச் சொல்வார்கள். 1544இல் தம் உடனுழைப்பாளர் மான்சில்லாசுக்கு அவர் எழுதிய கடிதங்களில் சில மணப்பாட்டிலிருந்து போனவை. தமிழ் தெரியாத அவர், இரு மொழியும் ஓரளவு தெரிந்த சிலரைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டிக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பாடத்தில் முதலாவது சிலுவை அடையாளம். நெற்றி, மார்பு, இரு தோள் என்று கை போகும் வழியை முதலில் பழக்கிவிட்டுத்தான் மற்றவை. கையும் சொல்லும் சேர்ந்தே பழகியதால் ‘குருசு போடு’ என்ற வழக்கு இவ்வளவு ஆழமாக ஊன்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘போடு’ என்ற வினையைக் கவனியுங்கள். கோலம் போடு, பொட்டுப் போடு, நாமம் போடு என்று உடம்பிலும் தரையிலும் அடையாளம் இடுவதற்குத் தமிழில் வழங்கும் வினை அது. செபப் புத்தகம் ‘சிலுவை அடையாளம் வரைதல்’ என்று நீட்டும். கடற்கரை குருசைத் தூக்கிக் கோலத்தின் பக்கத்தில் வைத்துவிட்டது.

குருசடியும் அப்படித்தான். புளியடி, ஆலடி, மரத்தடி, கோயிலடி என்று ஒரு பொருளின் அடியில் மனிதர் கூடும் இடத்துக்குத் தமிழில் பெயர் உண்டு. ஊர் வழக்குப் பேசவும், பஞ்சாயத்து வைக்கவும், பயணம் கிளம்பவும் அப்படிப்பட்ட இடம்தான் உதவும். குருசு நட்ட இடமும் அதே வேலையைச் செய்தது. எனவே அதுவும் ‘அடி’யானது. நிழல் தராத ஒரு பொருளுக்கு அடி என்ற சொல்லைக் கொடுத்தது தமிழ் மனம். மலையாளத்திலும் குரிசடி உண்டு. குமரி மாவட்ட எல்லையில் பத்துகாணிப் பக்கம் மலையேறுகிறவர்கள் போய்ச் சேரும் இடம் குரிசுமலை. தமிழரும் மலையாளிகளும் சேர்ந்தே ஏறுகிறார்கள்.

இனிச் சிலுவைக்கு வருவோம். இதைத் தமிழ் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. சிலுவை, சிரியாக் மொழிச் சொல். இயேசு பேசிய அரமேயத்தின் ஒரு கிளைதான் சிரியாக். அதில் சிலுவைக்கு ஸ்லீபா என்று பெயர். அரபியில் வழங்கும் ஸலீப் அதே குடும்பம். மூன்று மெய்யால் ஆன அந்த வேருக்கு மரத்தில் தூக்கிக் கொல்வது என்று பொருள். அதாவது அரமேயம் பேசியவர்கள் தங்கள் ஊர்த் தண்டனைச் சொல்லையே எடுத்துச் சிலுவைக்கு வைத்தார்கள். தமிழிலும் அப்படிப்பட்ட ஒரு சொல் தயாராக இருந்தது: கழு. கழுமரமும் கழுவேற்றமும் இலக்கியத்திலும் தலபுராணத்திலும் ஊர்க்கதையிலும் ஊறிய சொற்கள். ஆனால் அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. கழு என்றால் உடலைத் துளைக்கும் கூர்முனை. குறுக்குச் சட்டம் அதில் கிடையாது. மேலும் மதுரையில் சமணரைக் கழுவேற்றிய கதை அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு ஒரு மதச் சண்டையின் நினைவைச் சுமந்த சொல்லில் கிறிஸ்துவை ஏற்ற முடியாது.

ஸ்லீபா எப்படிச் சிலுவையானது? இங்கே ஒரு சின்ன ஒலிக்குறிப்பு பெரிய வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. சிரியாக்கில் உயிரை அடுத்து வரும் பகரம் மெலிந்து ஒலிக்கும். கிழக்குச் சிரிய மரபில் அது வகரமாகவே கேட்கும்: ஸ்லீவா. மேற்குச் சிரிய மரபைப் பின்பற்றும் கேரளத்து யாக்கோபாயர் இன்றும் ஸ்லீபா என்கிறார்கள். கிழக்கு மரபில் வந்த சீரோ மலபார் சபையார் ஸ்லீவா என்கிறார்கள். தமிழில் இருப்பது வகரம். ஆகவே இது பாரசீகத் திருச்சபையோடு உறவு வைத்திருந்த பழைய தோமையார் கிறிஸ்தவரின் வாயிலிருந்து வந்தது என்று துணிந்து சொல்லலாம். மேற்குச் சிரிய மரபு கேரளத்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டில்தான். ஸ்லீவா அதற்கும் பல நூற்றாண்டு மூத்தது.

தமிழ் இந்தச் சொல்லையும் தன் அச்சில் வார்த்தது. முதலில் நின்ற இரட்டை மெய் பிரிந்தது. கடைசியில் நின்ற ஆகாரம் ஐகாரமானது. கங்கா கங்கையாகவும், மாலா மாலையாகவும், சபா சபையாகவும் ஆனதைப் போலவே ஸ்லீவா சிலுவையானது. நடுவில் உகரம் வந்தது வகரத்துக்காக உதடு குவிந்ததால். தெலுங்கிலும் சிலுவ, கன்னடத்தில் சிலுபெ. அங்கே பகரம் தங்கியிருக்கிறது.

இதில் மிக விசித்திரமானது ஒன்று உண்டு. ஸ்லீவா முதலில் இறங்கிய மண் கேரளம். அங்கே வழிபாட்டு மொழியே சிரியாக். திருமுழுக்குக்கு மாமோதீசா, திருப்பலிக்குக் குர்பானா, அருட்சாதனத்துக்குக் கூதாசை என்று சிரியாக் சொற்கள் மலையாளத்தில் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் மலையாளியிடம் சிலுவையைக் காட்டிக் கேட்டால் அவர் சொல்லும் அன்றாடச் சொல் குரிசு. போர்ச்சுகீசுச் சொல்! சிரியாக் வழிபாடே வேரூன்றாத தமிழகத்தில் பொதுச்சொல்லாக நிலைத்திருப்பது ஸ்லீவாவின் வழிவந்த சிலுவை. இரண்டு சொல்லும் மலைத்தொடரைக் கடந்து இடம் மாறிக்கொண்டன.

இது எப்படி நடந்தது என்பதற்கு என்னிடம் ஒரு கணிப்பு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, பறங்கி வாடை அடிக்கும் எதையும் தொடாமல் ஒதுங்கினார். உடை, உணவு, பேச்சு எல்லாவற்றிலும் அந்த எச்சரிக்கை இருந்தது. கடற்கரைச் சபையில் புழங்கிய போர்ச்சுகீசுச் சொற்கள் உள்நாட்டில் அவருக்கு உதவாது. அவற்றைச் சொன்னாலே பறங்கி மதம் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அப்போது மதுரைப் பணித்தளம் கொடுங்கல்லூர்ப் பேராயத்தின் அதிகாரத்துக்குள் இருந்தது. அங்கே பேராயராக இருந்து நொபிலிக்குத் துணைநின்ற பிரான்சிஸ் ரோஸ், சிரியாக்கில் ஆழ்ந்த புலமை உள்ளவர். பறங்கி வாடையற்ற, ஆனால் ஏற்கெனவே கிறிஸ்தவர் நாவில் பழகிய ஒரு சொல் தேவைப்பட்ட நேரத்தில், சிலுவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்நாட்டில் அது தழைத்தது. கடற்கரையில் குருசு தழைத்தது. பிறகு அச்சும் விவிலிய மொழிபெயர்ப்பும் உள்நாட்டு வழக்கைப் பொதுவாக்கின. குருசு கொச்சையாக இருந்ததால் தோற்றது என்பது சரியன்று. அச்சுக்கு வந்த வட்டாரம் வேறாக இருந்தது, அவ்வளவே.

கடற்கரையில் மட்டுமா? குருசு போன ஊர்களைப் பார்த்தால் ஆசியக் கடலோரம் முழுதும் ஒரு கோடு இழுத்த மாதிரி தெரியும். பாக் நீரிணையைத் தாண்டினால் சிங்களத்தில் குருசிய. கோவாவில் கொங்கணியில் குரீஸ். இந்தியிலும் க்ரூஸ் உண்டு. அதைவிட அருமை ஜப்பானில். 1549 ஆகஸ்டில் சவேரியார் ககோஷிமாவில் இறங்கினார். மணப்பாட்டுக் கடிதங்களுக்கு ஐந்து ஆண்டு கழித்து. அவரும் அவருக்குப்பின் வந்தவர்களும் வளர்த்த கிறிஸ்தவர்கள் சிலுவையைச் சொன்ன சொல், எழுத்துக்கு எழுத்து, குருசு. ஜப்பானியமும் தமிழைப் போலவே இரட்டை மெய்யைத் தலையில் ஏற்காது. சொல் உயிரில் முடிந்தால்தான் அதற்கு நிம்மதி. ஒன்றையொன்று கேட்டறியாத இரு மொழி ஒரே சொல்லை ஒரே வழியில் உடைத்து, ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. பாட்டியின் வாயைத் திருத்துகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

திருநாளுக்குத் திரும்புவோம். செப்டம்பர் 14 மணப்பாடு தானே தேர்ந்த நாள் அன்று. 335இல் எருசலேமில் கல்லறைக் கோயில் அர்ச்சிக்கப்பட்டதையும், பாரசீகர் கொண்டுபோன சிலுவையை 7ஆம் நூற்றாண்டில் ஹெராக்கிளியஸ் மன்னன் மீட்டு வந்ததையும் நினைத்து உலகத் திருச்சபை கொண்டாடும் நாள் அது. மணப்பாட்டுக்கு அது ஊர்த் திருநாளானது, மெய்யான திருச்சிலுவையின் துண்டு என்று போற்றப்படும் பொருள் அங்கே இருப்பதால். அதை வெளியே எடுத்து மக்களுக்கு ஆசீர் கொடுக்கும் நேரம்தான் திருநாளின் உச்சம். கூட்டம் அப்படியே முழந்தாளில் இறங்கும்.

அந்தத் துண்டுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்திருக்கும் பெயரைச் சற்று நின்று பார்க்க வேண்டும்: அருளிக்கம். முதலில் கேட்கிறவருக்கு அருள் என்ற தமிழ்ச்சொல்லிலிருந்து ஆக்கிய கலைச்சொல் போலத் தோன்றும். மூலம் போர்ச்சுகீசு ரெலீக்கியா. எஞ்சிய பொருள் என்று அர்த்தம். சொல்லின் தலையில் ரகரம் நிற்பதைத் தமிழ் பொறுக்காது. அரங்கன், அரசன், இராமன், உரோமை என்று ஓர் உயிரை முன்னால் வைத்துத்தான் அதை உள்ளே விடும். இங்கே முன்வைத்த உயிர் அகரம். அகரமும் ரகரமும் லகரமும் ஒன்றாக வந்தவுடன் தமிழ்க் காது ‘அருள்’ என்று கேட்டுவிட்டது. லகரம் ளகரமானது, கடைசியில் அம் சேர்ந்தது, அருளிக்கம். புனிதரின் எலும்பும் சிலுவையின் துண்டும் அருள் தரும் பொருள் என்று நம்பிய மக்கள், எஞ்சிய பொருள் என்ற வெறும் பெயரைத் தங்கள் நம்பிக்கைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள். இன்று புதிதாக எழுதுகிறவர்கள் ‘திருப்பண்டம்’ என்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அருளிக்கத்தில் இருக்கும் அந்த நூற்றாண்டுகளின் நாவுழைப்பு அதில் இல்லை.

இன்னொரு சொல், பாடுபட்ட சுரூபம். வெறும் மரமாக நிற்பது குருசு. அதில் ஆண்டவரின் உடலும் சேர்ந்திருந்தால் அது பாடுபட்ட சுரூபம். கத்தோலிக்க வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும். ஆள் சாகக் கிடக்கும்போது இறக்கிக் கையில் கொடுப்பார்கள். பாடு என்றால் துன்பம், வேதனை. ஆண்டவரின் துன்பங்களைத் திருப்பாடுகள் என்பது அதனால்தான். சுரூபம் என்பது வடமொழி ஸ்வரூபம். சிலை, விக்கிரகம் என்ற சொற்களை ஒதுக்கிவிட்டுச் சபையார் தேர்ந்த சொல் அது. குருசுக்கும் பாடுபட்ட சுரூபத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கடற்கரைக் கிழவிகள் மாற்றிச் சொல்லவே மாட்டார்கள். எழுதுகிறவர்கள்தான் இரண்டையும் சிலுவை என்று ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

பாடு என்றதும் மணப்பாடு நினைவுக்கு வரும். துன்பத்தின் பெயர் ஊரிலேயே இருக்கிறதே, எவ்வளவு பொருத்தம் என்று சொல்லத் தோன்றும். சொல்லாராய்ச்சியில் இப்படிப்பட்ட பொருத்தங்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஊர்ப்பெயர் குருசுக்கு மூத்தது. மணல் என்பது ஊர்ப்பெயர்களில் ‘மண’ என்று குறைவது வழக்கம். குமரிக் கடலோரத்து மணக்குடியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடு என்பதற்கு இடம், பக்கம் என்று பழைய பொருள் உண்டு. மீனவர் பேச்சில் மீன்பாடு என்றால் அன்று வலையில் கிடைத்தது. மணல் சூழ்ந்த இடம் என்றே மணப்பாட்டுக்கு நான் பொருள் கொள்வேன். குன்றின் இருபுறமும் பரந்து கிடக்கும் மணலைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். அதே பேச்சில் ‘என்ன பாடு படுறோம்’ என்பதும் உண்டு, ‘இன்னைக்குப் பாடு எப்படி’ என்பதும் உண்டு. கடலில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டே இருக்கும். ஆனால் அந்த உறவைக் கொண்டு ஊர்ப்பெயரை விளக்கக் கூடாது.

மணப்பாட்டில் புனித யாகப்பர் பெயரிலும் ஒரு கோயில் உண்டு. யாகப்பரைச் சந்தியாகப்பர் என்றும் சொல்வார்கள். போர்ச்சுகீசில் சாந்தியாகு என்றாலே ‘புனித யாகு’ என்றுதான் பொருள். ‘புனித சந்தியாகப்பர்’ என்று எழுதும்போது புனிதர் இரண்டு தடவை வந்துவிடுகிறார். அதோடு ‘அப்பர்’ என்ற தமிழ் உறவும் மரியாதையும் வாலில் சேர்ந்துகொள்கின்றன. எனக்கு இதில் குறை தெரியவில்லை. வேற்றூர்ப் பெயரைத் தகப்பன் முறை வைத்துக் கூப்பிடும் வரைக்கும் இந்தக் கரைக்கு நிம்மதி கிடையாது. சவேரி சவேரியாரானதும் அப்படித்தான்.

ஆட்பெயரில் சிலுவையும் குருசும் பங்கு போட்டுக்கொண்டதைக் கவனித்தால் மேலே சொன்ன வட்டாரப் பிரிவு இன்னும் தெளியும். குரூஸ் குடும்பப் பெயராகக் கடற்கரையில் நிற்கிறது. சிலுவை முன்பெயராக எங்கும் போகிறது: சிலுவைமுத்து, சிலுவைமணி, சிலுவைராஜ். ராஜ் கௌதமன் தம் தன்வரலாற்று நாவலின் நாயகனுக்கு வைத்த பெயரும் சிலுவைராஜ்தான்; அது விருதுநகர்ப் பக்கத்து உள்நாட்டுக் கதை. முத்து, மணி என்ற தமிழ்ப் பெயர்களோடு சிலுவை தயங்காமல் கைகோக்கிறது. தூத்துக்குடிக்கு வடக்கே சிலுவைப்பட்டி என்று ஓர் ஊரே இருக்கிறது.

குருசுக்கு ஊர் இல்லையா என்று கேட்டால், ஒரு தீவு இருக்கிறது. பாம்பனுக்குப் பக்கத்தில், மன்னார் வளைகுடாவில், முயல் தீவு, மனோலி, புள்ளிவாசல் என்று வரும் வரிசையில் குருசடைத் தீவு. பவளப்பாறையும் கடல்வாழ் உயிர்களும் நிறைந்த தீவு. 1927இல் சென்னை அருங்காட்சியகம் அதன் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடே கொண்டுவந்தது. உயிரியல் படித்த பலருக்கும் அந்தப் பெயர் தெரியும். வரைபடத்திலும் அரசுப் பதிவுகளிலும் ‘குருசடை’ என்று எழுதுகிறார்கள். ‘அடை’க்கு அங்கே பொருள் ஏதும் கூடவில்லை, ‘அடி’ என்று வைத்தால் உடனே கூடுகிறது. குருசு நட்டு, அதன் அடியில் நின்று கும்பிட்டுவிட்டு முத்துக்கும் சங்குக்கும் முங்கியவர்கள் வைத்த பெயராக அதை நான் படிக்கிறேன். அந்தப் பதிவுகளை மறுபடி எழுதும் நாள் வந்தால், குருசடித் தீவு என்று எழுதட்டும்.